வேலிக்கு உள்ளே வாருங்கள்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி' என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் டென்னிஸ் பற்றிப் பேசப் போகிறேன்.

விடுதியிலிருந்து வகுப்புக்கு நாலு வருஷமும் நம் டென்னிஸ் மைதானத்தைத் தாண்டித்தான் போனேன். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. 'தமிழ் மீடியத்துல படிச்சவன், மட்டை பிடிக்கத் தெரியலைன்னு சிரிப்பாங்களே' என்ற கூச்சம். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணன் நம் தமிழ்நாட்டுக்காரர் என்பது தெரியும். தெரிந்து என்ன பயன்?

முப்பத்து நாலு வயதில், 'சர்க்கரை எல்லைக்கோட்டுல இருக்கு' என்று டாக்டர் சொன்ன பிறகே மட்டையைத் தொட்டேன். முதல் நாள் நான் அடித்த பந்தெல்லாம் வேலி தாண்டிப் போனது. எடுத்துக் கொடுத்த பத்து வயதுப் பையன், "அங்கிள், வேகமா அடிக்காதீங்க, உள்ள அடிங்க" என்றான். அவன்தான் என் முதல் குரு.

பொறியாளன் அல்லவா, கணக்குப் போட்டேன். மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்தில் மூலைக்கு மூலை குறுக்கே அடித்தால் சுமார் 25.15 மீட்டர். வலையின் உயரம் கம்பத்தருகே 1.07 மீட்டர், நடுவில் 0.914தான். ஆகவே குறுக்கே, வலைக்கு நன்றாக மேலே அடித்தால் தவறு குறையும்.

இன்னும் சில. சாதாரணப் பந்தைவிட 25 சதவீதம் வேகம் குறைந்த பச்சைப் புள்ளிப் பந்தில் ஆரம்பியுங்கள், அதில் வெட்கமில்லை. துணைக்கு ஆள் இல்லாவிட்டால் சுவர் போதும். எதிராளி அடிக்கும் நொடியில் சின்னதாக ஒரு குதி குதித்து நில்லுங்கள். எந்தப் பக்கமும் ஓடலாம். மட்டையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்து, முழங்கை வலியோடு மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தவன் நான்.

இன்று காலை, முப்பத்தேழு வயதில், நம் மைதானத்துக்குள் முதன்முறையாகப் போனேன். மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் 6-1 என்று தோற்கடித்தார். அந்த ஒரு கேம் எனக்குப் பதினைந்து வருஷம் தாமதமாகக் கிடைத்தது.

வெளியே இரண்டு மாணவர்கள் வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அவர்களுக்காக நாலு மட்டைகளை உடற்கல்வித் துறையில் கொடுத்திருக்கிறேன். தம்பிகளே, நாளைக்கே உள்ளே வாருங்கள். நண்பர்களே, அடுத்த முறை வரும்போது ஆளுக்கொரு மட்டை கொண்டு வாருங்கள்.