எட்டு அழைப்புகளும் ஒரு வாயிலும்

(மாணவர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச் இறுதி வந்தால் அமெரிக்க ஏடுகளில் ஒரு வகைச் செய்தி அடிக்கடி இடம்பெறும். 'ஐவி லீக்' எனப்படும் எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களும் ஒரே மாணவருக்கு இடமளித்துவிட்டன என்பதே அது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட இந்த எட்டும் தம் முடிவுகளை ஒரே நாளில் அறிவிப்பது வழக்கம். மாணவர் கணினியின் முன் துள்ளிக் குதிக்கிறார். தாய் கண்ணீர் வடிக்கிறார். பல வேளைகளில் அவர் குடியேறிய உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. உழைத்தால் எவரும் உயரலாம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ என்று ஏடுகள் கேட்கின்றன. அப்பிள்ளையின் உழைப்பில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஐயமெல்லாம் அச்செய்தி சொல்லாமல் விட்டதைப் பற்றியதே.

செல்வர் வீட்டுப் பிள்ளை ஏன் இத்தகைய செய்தியில் அரிதாகவே தோன்றுகிறார்? எட்டில் ஐந்து பல்கலைக்கழகங்களில் 'முன்முடிவு' என்றொரு வழி உண்டு. நவம்பரிலேயே ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று உறுதியளித்துக் கையொப்பமிட வேண்டும். இடம் கிடைத்ததும் பிற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றாக வேண்டும். இவ்வழியில் இடம் பெறுவோரின் விகிதம் வழக்கமான சுற்றைவிடக் கணிசமாகக் கூடுதல். ஆனால், எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இங்கே வாய்ப்பில்லை. பணம் பொருட்டல்லாதவர் துணிந்து கையொப்பமிட்டு டிசம்பரிலேயே இடம் பெற்றுவிடுகிறார். ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும் நிலையில், செவிலியர் வீட்டுப் பிள்ளை மார்ச் வரை காத்திருந்து, வந்த கடிதங்களையெல்லாம் மேசையில் பரப்பிக் கணக்குப் பார்க்கிறார். ஏடுகள் பரிசுக் கோப்பைகளாகக் காட்டும் அக்கடிதங்கள் அக்குடும்பத்துக்கு விலைப்பட்டியல்கள்.

வாயிலோ மிகக் குறுகியது. 2023இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 57,000 பேர். இடம் பெற்றவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. அப்பல்கலைக்கழகத்தின் மீது தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, பழைய மாணவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. ஏனையோரில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. ஆங்கிலத்தில் இதற்கு 'லெகசி' என்று பெயர். அகராதி 'மரபுச் செல்வம்' என்று அழகாகப் பொருள் தரும். மொழிபெயர்க்கும்போது நான் 'வாரிசுச் சலுகை' என்றே எழுதி வருகிறேன்.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே வழக்கில், சேர்க்கையின்போது விண்ணப்பதாரரின் இனத்தைக் கருத்தில் கொள்வது செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாரிசுச் சலுகையை அத்தீர்ப்பு தடை செய்யவில்லை. அடுத்த மாதமே பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை ஐவி லீக்கும் அதற்கு இணையான நான்கு பல்கலைக்கழகங்களும். தேர்வு மதிப்பெண் ஒத்திருந்தும், நடுத்தர வர்க்கப் பிள்ளைகளைவிட, உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டுச் செல்வர்களின் பிள்ளைகள் இவற்றில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது.

இது கடல் கடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வகுத்த விதிகள், இந்தியாவில் வளாகம் அமைக்கும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கை முறையையும் கட்டணத்தையும் தாமே வகுத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு அளிக்கும் கட்டாயம் அவ்விதிகளில் இல்லை. குருகிராமில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025இல் வகுப்புகளையே தொடங்கிவிட்டது. இத்தகைய வளாகங்களில் எவ்வருவாய்க் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்கிறார்கள் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையை, மாணவர் இயக்கம் இந்தச் சேர்க்கைப் பருவத்திலேயே எழுப்பியாக வேண்டும்.