கிறிஸ்துமஸ் பரிசாக எந்த நூலைத் தருவது?

 

கிறிஸ்துமஸ் விழாவில் நம் பகுதிக் குழந்தைகளுக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வழங்கிவந்த வழக்கத்தை மாற்றி, இவ்வாண்டு ஆளுக்கொரு நூல் வழங்குவதெனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வாங்கி வரும் பொறுப்பு இளைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவர்கள் கடைக்குப் புறப்படுமுன் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். தட்டு நல்ல பொருள்தான். அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் தட்டை எவர் வாங்கினாலும் தட்டு தட்டாகவே இருக்கும். நூல் அப்படியன்று. தவறான நூலைக் கொடுத்தால், படிப்பே தனக்கு உரியதன்று என்று குழந்தை எண்ணிவிடும்.

கிறிஸ்துமஸுக்கு நூல் வழங்குவது நாம் கண்டுபிடித்த புதுமையன்று. இரண்டாம் உலகப்போரின்போது ஐஸ்லாந்து நாட்டில் மற்றப் பொருள்களுக்குக் கடுங்கட்டுப்பாடு இருக்கக் காகிதம் ஓரளவு கிடைத்தமையால், 1944 முதல் நூலையே பரிசாகத் தரும் வழக்கம் அங்கே வேரூன்றியது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் நூலைப் பெற்று, அன்றிரவே படிக்க உட்காருவார்களாம். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றுண்டு.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பள்ளி மாணவராக இருந்தபோது, மாலை வேளைகளில் சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து படிப்பது வழக்கம். அங்கு வந்துபோன கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் அச்சிறுவனைக் கவனித்தார், பேசினார், நூல்கள் தந்தார். பின்னர், தேர்வில் தேறியதற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் நடந்தது என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒரு நூலே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இடையில் அரை நூற்றாண்டுக் கல்வியும் போராட்டமும் உள்ளன. ஆயினும் அந்நூல் தம் உள்ளத்தில் பதிந்ததை அண்ணலே எழுதியிருக்கிறார். தந்தை ராம்ஜி, மகன் கேட்ட நூலை வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமான தம் பெண்களிடம் நகையைக் கேட்டுப் பெற்று அடகு வைத்தார் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

கேலுஸ்கர் முதலில் பையனைக் கவனித்தார். நூலைப் பிறகுதான் தந்தார். ஆகையால் இளைஞர்களே, கடைத்தெருவுக்குப் போகுமுன் நம் தெருவுக்குப் போங்கள். எந்த வகுப்பு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். வகுப்பு வேறு, வாசிக்கும் நிலை வேறு. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது எழுத்தறியத் தொடங்கிய குழந்தைகள் பலர் இன்னும் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாக வகுத்தது இதனை உணர்ந்துதான். எட்டாம் வகுப்பில் இருந்தாலும், 'நட' நிலையில் உள்ள பிள்ளைக்கு நடக்கும் நூலே வேண்டும். கையிலுள்ள ஏதேனும் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்குமேல் தடுக்குமானால் அந்நூல் அப்பிள்ளைக்கு இப்போது வேண்டாம். இதைப் பிறர் முன்னிலையில் செய்யாதீர்கள், பிள்ளை கூசிப்போகும்.

ஆங்கில நூலே வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்பார்கள். அவர்களது ஆவலை நான் ஏளனம் செய்யவில்லை. ஆங்கிலம் இன்றி உயர்ந்த வேலை இல்லை என்று அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். ஆனால் படிக்கவியலாத ஆங்கில நூல் அலமாரிக்கு அழகே தவிர வேறில்லை. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த படக்கதைகளைச் சென்னையிலுள்ள தூலிகா போன்ற பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. அவை இருவர் மனத்தையும் நிறைவு செய்யும்.

இனி, முதன்மையான செய்திக்கு வருகிறேன். நூலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். படங்களைப் புரட்டுங்கள். இளவரசி சிவந்திருக்கிறாள், திருடன் கறுத்திருக்கிறான் என்றால் அந்நூலைத் திருப்பி வைத்துவிடுங்கள். நம் மக்கள் ஏவலராகவும், அரசன் ஆணையை முரசறைபவராகவும் மட்டுமே வந்துபோகும் கதைகள் ஏராளம். இன்னொரு வகை உண்டு. அது இனிப்பு தடவியது. ஏழைச் சிறுவன் துன்புறுகிறான், செல்வர் ஒருவர் மனமிரங்குகிறார், சிறுவன் நன்றியால் கண்ணீர் வடிக்கிறான், கதை முடிகிறது. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலும் ஊழியரின் குடும்பத்துக்கு விடிவு பிறப்பது முதலாளியின் மனமாற்றத்தால்தான். அது உயர்ந்த நூல். அதைத் தர வேண்டாம் என்று நான் கூறவில்லை. முதலாளி மனம் மாறாதிருந்தால் அக்குடும்பம் என்ன செய்திருக்கும் என்று பிள்ளையிடம் கேட்கத் துணிவுள்ளவர் அதைக் கொடுக்கலாம்.

எதை வாங்கலாம் என்று கேட்பீர்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இன்றும் இனிக்கின்றன. சாகித்திய அகாதெமி 2010இல் சிறுவர் இலக்கியத்துக்கெனப் பரிசு நிறுவியபோது, தமிழில் முதற்பரிசு பெற்றது மா. கமலவேலன் எழுதிய 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. தலைப்பைக் கேட்டதுமே நம் தெருப் பிள்ளை கை நீட்டும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே பரிசைப் பெற்றது. தவறான நோக்கத்துடன் தொடுபவரிடமிருந்து குழந்தை தன்னைக் காத்துக்கொள்வதைப் பற்றிய கதை அது; பெண் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி ஆண் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஜப்பானிய நூலாகிய 'டோட்டோ-சான்' நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் வந்துள்ளது. வேறொரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி பேசுவதையெல்லாம் தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறார். என் போன்றோரும் படிக்க வேண்டிய பகுதி அது.

அண்ணலின் வரலாற்றைக் கட்டாயம் தர வேண்டும். ஆனால் பட்டங்களையும் ஆண்டுகளையும் அடுக்கிய தடித்த நூல் பத்து வயதுப் பிள்ளையை விரட்டிவிடும். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோரின் சித்திரங்களுடன் 2011இல் வெளிவந்த 'பீமாயணா' தமிழிலும் உண்டு. தந்தையைக் காணச் சென்ற சிறுவன் பீமன், வழியெங்கும் தண்ணீர் கிடைக்காமல் தவித்த பயணம் அதில் இருக்கிறது. நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. சாவித்திரிபாய் பூலே கணவருடன் புனேயில் நடத்திய பள்ளியில் படித்த முக்தா என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுமி, தம் மக்களின் துயரை எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் அச்சேறியது. அச்செய்தி அமைந்த நூல் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

வேதக் கதைகளைப் பற்றி ஒரு சொல். விழா கிறிஸ்துமஸ் விழாதான். எனினும் வரிசையில் நிற்கும் குழந்தைகளில் அம்மன் கோயில் பிள்ளைகளும் பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. திருச்சபை தன் பிள்ளைகளுக்கு வேத நூலை வழங்கட்டும். சங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான நூலை வழங்குவதே முறை.

பழைய வினாவிடை நூல்களையும், அட்டை கிழிந்த போட்டித்தேர்வு வழிகாட்டிகளையும் மூட்டையாகக் கட்டி அனுப்பும் அன்பர்கள் உண்டு. நன்றி கூறித் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிறர் கழித்த துணியை உடுத்தியது போதும்; கழித்த நூலும் வேண்டாம். பரிசு நூல் புதியதாய், அச்சு வாசனையோடு இருக்க வேண்டும். முதற்பக்கத்தில் பிள்ளையின் பெயரை அழகிய கையெழுத்தில் எழுதுங்கள். சங்கத்தின் முத்திரை பின்பக்கத்தில் சிறிதாக இருந்தால் போதும். கையில் நூலைப் பிடிக்கவைத்து, அருகில் நன்கொடையாளரை நிறுத்திப் படம் எடுப்பதை அருள்கூர்ந்து தவிர்க்க வேண்டும். நாம் பெறுவது போலவே கொடுக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறோம். வாங்கும் கையைக் குனிய வைக்காமல் கொடுக்க வேண்டும்.

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி நடப்பதால் நமக்கு உதவாது. டிசம்பர் முதல் வாரத்திலேயே பதிப்பகங்களுக்கு எழுதிக் கேட்டால், மொத்தமாக வாங்குவோருக்குக் கழிவு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை பெயர்ப்பட்டியலுடன் பள்ளிக்கு வாருங்கள். எந்தப் பிள்ளைக்கு எது என்பதை நாம் ஒன்றாக அமர்ந்து எழுதுவோம்.