தவணை நாளும் நீதிமன்றின் அதிகாரமும்
(பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இங்கிலாந்தில் வாழும் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் நீதிமன்றிலிருந்து வரும் கடிதத்தை முதலில் வாசிப்பவர் பிள்ளையே. கடை வாடகை, கடன், வீட்டுத் திருத்த வேலை என வழக்கு எதுவாயினும், "இன்ன நாள் மாலை 4 மணிக்குள் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் உமது எதிர்வாதம் நீக்கப்படும்" என்று அக்கடிதம் கூறுமாயின் விழிப்படைய வேண்டும். ஆங்கிலச் சட்டத்துறையினர் இதனை 'அன்லெஸ் ஓடர்' என்பர். தமிழில் 'இல்லையேல் கட்டளை' எனலாம். குறித்த நேரம் கடந்ததும் தண்டனை தானாகவே நடைமுறைக்கு வரும். அடுத்த தவணையில் நீதிபதியிடம் சொல்லிக்கொள்ளலாம் எனக் காத்திருப்பது பெருந்தவறு.

நாள் கடந்தபின் கால அவகாசம் அளிக்க நீதிமன்றுக்கு அதிகாரம் உண்டா? 1878 இல் விஸ்லர் எதிர் ஹான்கொக் வழக்கில், நாள் கடந்ததும் வழக்கு முடிந்துவிட்டது, முடிந்த வழக்கில் அவகாசம் அளிக்க இயலாது எனத் தீர்க்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1980 இல் சாமுவேல்ஸ் எதிர் லின்சி டிரெசஸ் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்று வேறு வழி காட்டியது: நாள் கடந்தபின்னும் அதிகாரம் உண்டு, ஆனால் மிகுந்த எச்சரிக்கையுடனேயே அதனைப் பயன்படுத்த வேண்டும். 1999 இல் நடைமுறைக்கு வந்த குடியியல் நடைமுறை விதிகளில் இவ்வதிகாரம் 3.1 ஆம் விதியாக இடம்பெற்றுள்ளது.

அதிகாரம் உண்டு என்பதால் அவகாசம் நிச்சயம் என்று பொருளன்று. 2014 இல் டென்டன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்று மூன்று கேள்விகளை வகுத்தது. தவறு எவ்வளவு பாரதூரமானது? அது ஏன் நேர்ந்தது? அனைத்துச் சூழ்நிலைகளையும் நோக்கின் நீதி எது? கட்டளைகள் மதிக்கப்பட வேண்டும் என்பதும் மூன்றாவது கேள்விக்குள் எடைபோடப்படும்.

ஆகவே நாள் கடக்குமுன் கேட்பதே அறிவுடைமை. நீதிமன்று மறுத்திராவிடின், விசாரணை நாளுக்கு இடரின்றி, எதிர்த்தரப்பின் எழுத்து மூலச் சம்மதத்துடன் 28 நாள்கள் வரை நீட்டிக்கலாம். சம்மதமும் நாள் கடக்குமுன்னரே பெறப்பட வேண்டும். சம்மதம் கிடையாவிடின் 'என் 244' படிவத்தில் விண்ணப்பியுங்கள். குறைந்த வருமானத்தினர் கட்டணச் சலுகையும் கோரலாம். நாள் கடந்துவிட்டதா? அன்றே விண்ணப்பியுங்கள், மருத்துவக் கடிதம் போன்ற சான்றுகளை இணையுங்கள். குடிவரவு மேன்முறையீடுகளுக்கு விதிகள் வேறு; அவற்றுக்குத் தனியாக ஆலோசனை பெறுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் பரீட்சைக் காலம் என்று அக்கடிதத்தை அலுமாரியில் மறைக்காதீர்கள். இளையோர்களே, அம்மா கலங்குவார் என்று அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வாசிக்காதீர்கள். அன்பினாற் செய்யும் இம்மறைப்பே எமது நியாயத்தை நீதிபதி கேளாமற் போகச் செய்கிறது. காலத்தை நீட்டிக்கும் அதிகாரம் நீதிமன்றின் கையில் உள்ளது. அதனைக் காலத்தே கேட்பது எமது கையில் உள்ளது.