முதல் வாடகை வீடு வாங்குவோர் கவனத்திற்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

சபுர் சென்று உழைக்கும் நம் பிள்ளைகள் சிறிது பணம் சேர்ந்தவுடன், 'ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?' என்று கேட்கிறார்கள். நல்ல எண்ணம். வாடகை ஹலாலான வருவாய்; முதுமையில் கை கொடுக்கும். ஆனால் அந்த முதல் வீட்டில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யலாகாது. அதற்காகவே இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

1996ஆம் ஆண்டு, ஏழாண்டுச் சேமிப்பைக் கொண்டு மூன்றரை இலட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கினேன். விற்றவர்கள் மூன்று சகோதரர்கள். வில்லங்கச் சான்றிதழில் குறையேதும் இல்லை. மாதம் 1,800 ரூபாய் வாடகையும் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு ஜும்ஆ நாளில், நடுத்தர வயதுடைய பெண்மணி ஒருவர் தம் மகனுடன் வீடு தேடி வந்தார். "தம்பி, அது எங்கள் வாப்பாவின் வீடு. எனக்கும் அதில் பங்கு உண்டு. வழக்காட எனக்கு வசதியில்லை, உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார்.

சகோதரர்களிடம் ஓடினேன். "கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு முடிந்துவிட்டது" என்றார்கள். திருமணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமையோ, அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் அல்லாஹ் விதித்த பங்கு. அன்பளிப்பைக் காட்டி அந்தப் பங்கை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

பெற்றோர் இருவரும் மறைந்த நிலையில் மூன்று மகன்களும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகள் என்றால், மகன்களுக்கு இரண்டிரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆக ஏழு பங்கு. அந்தச் சகோதரிக்குரியது ஏழில் ஒன்று, அதாவது 50,000 ரூபாய். ஆலிம் ஒருவரைக் கலந்துகொண்டு அத்தொகையை அவரிடம் கொடுத்து, அவருடைய பங்குக்குத் தனியே கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தேன். அதுவரை நான் வாங்கிய வாடகையில் அவருக்குச் சேர வேண்டியதை ஹலாலாக்கித் தருமாறு வேண்டினேன். மனம் பொருந்தித் தந்தார். சகோதரர்களிடமிருந்து ஒரு காசும் திரும்பி வரவில்லை. அந்த 50,000 ரூபாய் இரண்டேகால் ஆண்டு வாடகைக்கும் அதிகம். அது என் அறியாமைக்கு நான் செலுத்திய கட்டணம்.

பிழை எங்கே நேர்ந்தது? பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே வில்லங்கச் சான்றிதழ் காட்டும். ஒருவர் மௌத்தானதும் அவருடைய வாரிசுகளுக்கு உரிமை வந்து சேருவது எந்தப் பதிவேட்டிலும் தானாக ஏறுவதில்லை. எனவே முப்பது ஆண்டுகளுக்காவது வில்லங்கம் பாருங்கள். மூலப் பத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள். பட்டாவும் பத்திரமும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பூர்வீகச் சொத்தாயின் வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள பெண்மக்கள் அனைவரும் கையொப்பமிடும் வரை முன்பணத்திற்கு மேல் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்துப் பெறுங்கள். புல எண் வக்ஃபு சொத்துப் பட்டியலில் உள்ளதா என்றும் பாருங்கள். வக்ஃபு சொத்தை விலைக்கு வாங்கினால் அது சட்டத்திலும் நிற்காது, மறுமையிலும் நிற்காது. வெளிநாட்டில் வசிப்போர் வீடு வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

அடுத்து, கணக்கு. 40 இலட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 3,60,000 ரூபாய். மொத்த முதல் 43,60,000. வாடகை மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 12,000 போயிற்று. வீட்டு வரிக்கும் பழுதுபார்ப்புக்கும் 20,000 ஒதுக்குங்கள். எஞ்சுவது 1,12,000. அதாவது நூற்றுக்கு இரண்டரை ரூபாய்தான்! இதை அறிந்து வாங்குவோர் ஏமாறமாட்டார்கள். தரகர் சொல்லும் வாடகையை நம்பாமல், அதே தெருவில் குடியிருப்போர் மூவரிடமாவது விசாரியுங்கள்.

பணம் போதாதபோதுதான் சோதனை வருகிறது. வங்கிக் கடனின் வட்டியை அஞ்சுகின்ற நம்மவர், ஒத்தி என்றால் அஞ்சுவதில்லை. பெருந்தொகையைக் கடனாகப் பெற்று, கொடுத்தவரை வாடகையின்றிக் குடிவைத்து, பின்னர் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்கிறோம். கடன் கொடுத்தவர் அக்கடனுக்காக அடையும் பயன் வட்டியன்றி வேறென்ன? வாங்க இயலாவிடில் பொறுத்திருங்கள். சகோதரர்கள் இருவர் மூவர் கூட்டாக வாங்குங்கள். பங்குகளைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம் நெருங்கிய உறவினருக்கும் பொருந்தும்.

வாடகைக்கு விடும்போதும் எழுத்து வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்துமூல ஒப்பந்தத்தையும் அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியுள்ளது. வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்றும் கூறுகிறது. குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் 'வெள்ளையடிக்க' என்று சொல்லி முன்பணத்தில் கை வைப்பது பலரிடம் உள்ள பழக்கம். அது அமானிதம் என்பதை மறவாதீர்கள்.

ஸகாத்தைப் பற்றியும் ஒரு சொல். விற்கும் நோக்கில் வாங்கிய மனைக்கு ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு ஸகாத் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஸகாத் இல்லை. சேமித்த வாடகை நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு உண்டு என்பதே பெரும்பான்மையான இமாம்களின் கருத்து.

இறுதியாக ஒன்று. பெருநகரங்களில் நம் பெயரைக் கேட்டவுடன் 'வீடு இல்லை' என்று கதவு சாத்தப்பட்ட வேதனை நம்மில் பலருக்கு உண்டு. நாளை உங்கள் கையில் ஒரு சாவி இருக்கும்போது, வாசலில் நிற்பவர் எந்தச் சமயத்தவராயினும் அந்த வேதனையை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

அந்தச் சகோதரி இப்போது இல்லை. அவர் பெயரிலுள்ள பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நான் விட்டுச்செல்லும் காகிதங்களில், கேள்வி கணக்கு நாளில் துணிந்து காட்டத்தக்கது அதுவே என்று எண்ணுகிறேன்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான செல்வத்தையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.