வகுப்பறைக்குள் நாளேடு

(தாராவியில் நடந்த ஞாயிறு தமிழ் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில், சங்கத்தின் வகுப்புக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஞாயிறு வகுப்பில் பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, செல்போனில் வரும் நாளேடுகளைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கிறோம் என்று கேள்விப்பட்டு உங்களில் பலர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். "வீட்டில் போனைப் பிடுங்கி வைக்க நாங்க படாத பாடு படுறோம், நீங்க அதையே எடுத்துக் காட்டுறீங்களே" என்று ஒரு தாய் கேட்டார். "தமிழ் வகுப்பில் மராத்தி ஏடு எதற்கு?" என்று சங்கத்தின் மூத்த தோழர்கள் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் சொல்லத்தான் உங்களை அழைத்தோம்.

ஏடு படித்துத் தமிழ் கற்பது நமக்குப் புதிதல்ல. 1942-ல் மதுரையில் ஆதித்தனார் தந்தியைத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்குகிற பேச்சுத் தமிழில் அதை நடத்தினார். டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். கேட்டவர்களே பிறகு எழுத்துக்கூட்டத் தொடங்கினார்கள். நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறி இந்த ஊருக்கு வந்த நம் அப்பன் பாட்டன்மாரில் பலருக்கு அந்தப் பெஞ்சுதான் பள்ளிக்கூடம். இன்று தாள் வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். ஏடுகள் போனுக்குள் போய்விட்டன. பெஞ்சைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுகிறோம், அவ்வளவுதான்.

ஆனால், தமிழ் எழுத்துப் பழக மட்டும் என்றால் கதைப் புத்தகமே போதுமே? ஏடு எதற்கு? இதற்கு இந்த மும்பையின் வரலாற்றையே திருப்பிப் பார்க்க வேண்டும்.

1920 ஜனவரி 31 அன்று இதே மும்பையில் டாக்டர் அம்பேத்கர் 'மூக்நாயக்' என்ற மராத்தி இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். அந்த இதழுக்குப் பணம் கொடுத்து விளம்பரம் போடக் கேட்டபோதும் 'கேசரி' ஏடு மறுத்துவிட்டது. ஏடு இல்லாதவனுக்கு வாயும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்கு 40 ஆண்டு கழித்து, 1960-ல், இதே மராத்தியில் 'மார்மிக்' என்ற வார இதழ் வந்தது. மும்பைக் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் பதவியில் இருந்த தென்னாட்டார் பெயர்களை அது பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. 1966-ல் சிவசேனா பிறந்தது. 'லுங்கி ஹடாவ்' என்ற கூச்சல் எழுந்தது. தென்னாட்டார் கடைகளும் ஓட்டல்களும் உடைபட்டன. அடி வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்திருந்தது? தெரிந்திருந்தால் அடி விழுந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. வருகிறது என்பதாவது தெரிந்திருக்கும்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2023 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒரு பெரிய ஹிந்தி நாளேடே அதைச் செய்தியாக்கியது. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்தவர்களின் வீடுகளிலிருந்து, அங்கே ஊரில் அழுதுகொண்டே போன் செய்தார்கள். ஹோலிக்குப் போகிறவர்களோடு பயந்தவர்களும் ரயிலேறினார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் விளக்கினார்: ஒரு வீடியோ திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு கோஷ்டிகளுக்குள் நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து பார்த்தது. வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின.

அந்த வாரத்துச் செய்திகளை வகுப்பில் எடுத்துப் படித்தோம். இணைய ஏட்டில் இது ஒரு வசதி. தாளாக இருந்தால் அந்த இதழ் எப்போதோ வடை மடிக்கப் போயிருக்கும். முதல் நாள் செய்தி, மறுப்பு, பிறகு வந்த வழக்கு என்று வரிசையாக வைத்துப் படித்தபோது, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "தமிழ் ஏட்டில் 'வடமாநிலத் தொழிலாளி கைது' என்று தலைப்புப் போடுகிறார்களே, இங்கே நம்மை 'மதராசி' என்று எழுதுவதும் அதுவும் ஒன்றுதானே?" நாங்கள் கேட்கச் சொல்லிக் கொடுத்த கேள்வியல்ல அது. பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்வி எழவே எழாது.

வகுப்பில் என்னதான் செய்கிறோம்? போன் ஆசிரியர் கையில் இருக்கும். பிள்ளைகள் கையில் நோட்டும் பென்சிலும். தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவோம். முழுச் செய்தியை ஒரு பக்கம் அச்செடுத்து நாலு பேருக்கு ஒன்றாகக் கொடுப்போம். 'கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது', 'தகவல்கள் வெளியாகியுள்ளன' என்று முடியும் வாக்கியங்களுக்கெல்லாம் கோடு போடச் சொல்வோம். யார் கூறினார்? யாருக்குத் தெரிகிறது? எங்கிருந்து வெளியானது? பதில் இல்லாத வாக்கியத்தை அடித்துவிட்டு மிச்சத்தைப் படி என்போம். சில செய்திகளில் மிச்சம் இரண்டே வரிதான் நிற்கிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 'நடந்தது என்ன?', 'அதிர்ச்சி' என்று தலைப்பில் இருந்தால் உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இராது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. தாளில் அச்சானது அச்சானதுதான். இணையத்தில் காலையில் ஒரு தலைப்பு, மாலையில் வேறு தலைப்பு. அதனால் நாளும் நேரமும் குறித்துக்கொள்ளாமல் எந்தச் செய்தியையும் நோட்டில் எழுதக்கூடாது என்று விதி வைத்திருக்கிறோம்.

இனி, மராத்தி ஏடு. தோழர்களே, நாம் குடியிருக்கும் வீட்டின் தலைவிதி எந்த மொழியில் எழுதப்படுகிறது? தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. அரசு அறிவித்த விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1-க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மாடியில் குடியிருப்பவர் கதை வேறு. ஒரு தேதி, ஒரு ஏணிப்படி. இவற்றை வைத்து ஒரே சந்தில் இருப்பவர்கள் பிரிந்து போகிறார்கள்.

இந்தச் செய்தி தமிழ் ஏடுகளில் நாலு வரியாக வரும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சென்னையிலிருந்து பார்த்தால் தாராவி தூரம்தான். லோக்மத், மகாராஷ்டிரா டைம்ஸ் போன்ற ஏடுகளின் பக்கங்களில்தான் விவரம் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள். 2020-ல் வந்த சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் அது கட்டாயம். ஆனால் பாடத்தில் படிக்கும் மராத்தி வேறு, அறிவிப்பில் வரும் மராத்தி வேறு. 'பாத்ர', 'அபாத்ர' என்று எழுதியதைப் படித்துவிட்டு, பாத்திரம் பண்டமா என்று சிறுவர்கள் சிரித்தார்கள். தகுதி உள்ளவர், தகுதி இல்லாதவர் என்று பொருள். தங்கள் வீட்டுக்கு எந்தச் சொல் ஒட்டும் என்று கேட்டபோது சிரிப்பு நின்றது.

இதைவிட ஆபத்து, தெரிந்த சொல் போலத் தோன்றுவது. நம் பிள்ளைகளுக்குத் தெருவில் பழகிய ஹிந்தி உண்டு. ஹிந்தியில் 'ஹரகத்' என்றால் செயல், சேட்டை. மராத்தி அறிவிப்பில் 'ஹரகத்' என்றால் ஆட்சேபம். 'முதத்' என்றால் கெடு. ஆட்சேபம் தெரிவிக்க இந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுங்கள் என்று இருப்பதை, சேட்டை செய்யாதே என்று எச்சரித்திருப்பதாக ஒரு பையன் வீட்டில் போய்ச் சொன்னால், அந்த வீட்டின் நிலை என்ன? ('சிக்ஷா' என்ற சொல்லும் அப்படித்தான்: ஹிந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. தமிழின் சிட்சை மராத்தியோடு சேர்ந்து நிற்கிறது!) அதனால்தான் மராத்திச் செய்தியை வாசித்து, தமிழில் எழுத வைக்கிறோம். எழுதியதை வீட்டில் அப்பாவுக்கும் ஆத்தாவுக்கும் படித்துக் காட்டச் சொல்கிறோம். இதில் தமிழ் குறையவில்லை, மூத்த தோழர்களே. கட்டுரைப் போட்டிக்கு எழுதிய தமிழைவிட இந்தத் தமிழ் உறுதியாக இருக்கிறது.

ஏட்டின் முதலாளி யார் என்று பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறோம். 2022 நவம்பரில் தாராவித் திட்டத்துக்கு 5,069 கோடி ரூபாய்க்கு டெண்டர் கேட்டு முன்னுக்கு வந்தது அதானி குழுமம். அடுத்த மாதம் என்.டி.டி.வி. செய்தி நிறுவனமும் அதே குழுமத்தின் கைக்கு வந்தது. ஆகவே அதில் வருவதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. சொன்னால் நாமும் வதந்திக்காரர்கள்தான். தாராவியைப் பற்றி அங்கே படித்தால், இன்னொரு இடத்திலும் படித்துப் பார் என்கிறோம். கட்சி ஏடுகளுக்கும் இதே விதிதான். நம் மாத இதழுக்கும் இதே விதி; போன மாத இதழில் பிள்ளைகள் மூன்று 'கூறப்படுகிறது'க்குக் கோடு போட்டிருக்கிறார்கள், ஆசிரியர் குழுவினர் வாங்கிப் பார்க்கலாம்.

போன் பற்றிக் கேட்ட தாய்க்கு: உங்கள் பயம் சரியானதே. அதனால்தான் பிள்ளை கையில் போன் இல்லை. படிக்கும்போது நடுவே வரும் விளம்பரமும் அசிங்கமும் எங்களுக்கும் தொல்லைதான். முதல் நாளே அச்செடுத்து வைத்துக்கொள்ள முயல்கிறோம். அதற்கு வாரம் ஐம்பது அறுபது ரூபாய் ஆகிறது. சங்கம் பாதியைத் தரும்.

மீதியைப் பெற்றோர் முறைவைத்துத் தர வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். வருகிற ஞாயிறு முதல் காலை வகுப்பின் கடைசி ஒரு மணி நேரம் ஏடு வாசிப்பு. மராத்தி நன்றாகத் தெரிந்த அக்காமார் இருவர் கூட உட்கார வேண்டும். பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். கணக்கெடுப்பு நோட்டீசு எதுவும் வீட்டில் இருந்தால், மூலத்தை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, நகலை மட்டும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அதைத்தான் முதல் வாரம் படிக்கப் போகிறோம்.