மூத்த மொழிகளும் அவற்றைக் காத்தோரும்



உலகின் மூத்த மொழி எது என்னும் வினா மேடைதோறும் எழுப்பப்படுகிறது. பெருமையில் தொடங்கும் அவ்வினா பல வேளைகளில் பூசலில் முடிகிறது. பேச்சு காற்றில் கரைவது. அது சுவடு விட்டுச் செல்வதில்லை. இன்று பேசப்படும் மொழிகளில் பெரும்பாலானவை தாயிடமிருந்து சேய்க்கு வழிவழியாக வந்தவை. ஆதலின் பேச்சைக் கொண்டு மூப்பை அளத்தல் இயலாது. அளக்கத்தக்கவை இரண்டே. ஒன்று, ஒரு மொழியின் முதல் எழுத்துச் சான்று எக்காலத்தது என்பது. மற்றொன்று, அம்மொழி இடையறாது எத்துணைக் காலம் பயிலப்பட்டது என்பது. முதலாவதற்கு மண்ணும் கல்லும் விடை கூறும். இரண்டாவதற்கு மக்களே விடை கூறவேண்டும்.

இன்றைய ஈராக் நாட்டின் தென்பகுதியில் உருக் என்னும் பழநகர் இருந்தது. அங்கே ஏறத்தாழ கி.மு. 3300-3200 அளவில் ஈரக் களிமண் பலகைகளில் நாணற்குச்சியால் குறிகள் இடப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை காவியங்களோ துதிகளோ அல்ல. வாற்கோதுமை இவ்வளவு, ஆடுகள் இத்தனை என்னும் கணக்குகளே. இவ்வெழுத்து வளர்ந்து ஆப்பெழுத்து ஆயிற்று. அதில் எழுதப்பட்ட சுமேரிய மொழி வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி.

கி.மு. 2000ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் சுமேரியம் மக்கள் நாவினின்று மறைந்தது. அக்காதிய மொழி அதன் இடத்தைக் கொண்டது. ஆயினும் சுமேரியம் அன்றே அழிந்துவிடவில்லை. பலகை இல்லம் எனப்பட்ட பள்ளிகளில் சிறுவர் அதனைக் கற்றனர். சுமேரியச் சொல் ஒருபுறமும் அதன் அக்காதியப் பொருள் மறுபுறமுமாகச் சொற்பட்டியல்கள் எழுதப்பட்டன. பேச்சு மறைந்த பின்னும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் அது வழிபாட்டிலும் கல்வியிலும் நின்றது. பின்னர் ஆப்பெழுத்தே வழக்கொழிந்தபோது, அப்படியொரு மொழி இருந்தது என்பதையும் உலகம் மறந்தது. 19ஆம் நூற்றாண்டில் அறிஞர் அக்காதியத்தைப் படித்தறிந்த பின்னரே, அதனுள் வேறொரு மொழி பொதிந்திருப்பது புலனாயிற்று. 1869இல் ஓப்பெர் என்னும் அறிஞர் அதற்குச் சுமேரியம் எனப் பெயரிட்டார். அதன் பொருளை மீட்டுத் தந்தவை பெரிதும் அப்பள்ளிச் சிறுவரின் சொற்பட்டியல்களே.

எகிப்தின் கதையும் இத்தகையதே. ஏறத்தாழ கி.மு. 3200ஐச் சார்ந்த எழுத்துக் குறிகள் அபிதோசு நகரின் கல்லறையில் கிடைத்துள்ளன. அப்பட எழுத்தில் பொறிக்கப்பட்டனவற்றுள் காலம் தெரிந்த கடைசிக் கல்வெட்டு பிலே தீவின் கோயிலில் உள்ளது. அதன் ஆண்டு கி.பி. 394. அதன்பின் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அவ்வெழுத்து எவராலும் படிக்கப்படாது ஊமையாய் நின்றது.

1799இல் கிடைத்த ரொசெட்டாக் கல்லில் ஒரே ஆணை இருவகை எகிப்திய எழுத்துகளிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டிருந்தது. 1822இல் சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் பட எழுத்தின் திறவுகோலைக் கண்டார். அவருக்குத் துணை நின்றது கல் மட்டும் அன்று. எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்திய மொழியை அவர் இளமையிலேயே கற்றிருந்தார். நாட்டில் அரபு மொழி பரவிக் காப்தியம் பேச்சிலிருந்து மறைந்த பின்னும், எகிப்தியக் கிறித்தவராகிய சிறு சமூகத்தார் தம் வழிபாட்டில் அதனை ஓதி வந்தனர். பொருள் முழுதும் உணர்ந்தோ உணராமலோ அவர்கள் ஓதிய அம்மொழியே பண்டைப் பேரரசுகளின் சொற்களை உலகுக்கு மீட்டுத் தந்தது.

இதற்கு மாறான நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிந்துவெளி மக்கள் முத்திரைகளில் பொறித்த எழுத்து இன்றளவும் ஐயமின்றிப் படிக்கப்படவில்லை. இருமொழிச் சான்று எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. அவ்வெழுத்தைப் பயின்றுவந்த மரபும் எஞ்சவில்லை. மாநகரங்கள் அமைத்தோர் ஆயினும், அவர் சொல் இன்று கேட்கப்படாத சொல்லாகவே உள்ளது.

பாரத நாட்டில் பிராமி எழுத்துக்கும் அந்நிலை நேர்ந்தது. அசோகர் கல்வெட்டுகளைப் படிப்பார் இன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்பார் சாஞ்சித் தூபியின் கல்வேலியில் இருந்த சிறு கல்வெட்டுகளை ஆராய்ந்தார். அவற்றுள் பல ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்டு, அச்சொல் தானம் என்பதாகலாம் என உய்த்துணர்ந்தார். அவ்வூகம் மெய்யாயிற்று. ஒரு கல்லும் ஒரு கம்பமும் ஈந்த எளிய மக்களின் தானச் சொல்லே பேரரசரின் ஆணைகளைப் படிக்க வாயில் திறந்தது.

தமிழகத்திலும் தானமே பழஞ்சான்று. மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில் கணிநந்தன் என்னும் துறவிக்கு உறையுள் அமைத்தளித்த செய்தி தமிழ்பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. அதில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. வெள்ளறை வணிகக் குழுவினரின் கொடையும் வருகிறது. அக்கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவன் கணிப்பு. 1882இல் அவை கண்டறியப்பட்டபோதும் அவற்றின் மொழி விளங்கவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் ழகர, ளகர, றகர, னகர எழுத்துகளை இனங்கண்டு, அம்மொழி தமிழே என நிறுவினார். தமிழ்பிராமிக் குகைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை சமணத் துறவியருக்கு அளித்த கற்படுக்கைகளையும் உறையுள்களையும் பற்றியவையே.

கல்லில் எழுதியவை தாமே நின்றன. ஏட்டில் எழுதியவற்றைக் காக்க மனிதர் வேண்டியிருந்தது. பொன்னூர் மலையோடு சேர்த்துத் தமிழ்ச் சமணர் போற்றும் குந்தகுந்தர் தம் நூல்களைச் சௌரசேனிப் பிராகிருதத்தில் அருளினார். அம்மொழியிலேயே அமைந்த ஷட்கண்டாகமமும் அதன் தவளை உரையும் மூடபித்திரியில் பனையோலைகளாகப் பூட்டிக் காக்கப்பட்டன. வணங்குவார் பலர் இருந்தனர். படிப்பார் அரியர் ஆயினர். படிகள் எடுக்கப்பட்டு, 1939 முதல் ஹீராலால் ஜைன் பதிப்பில் அவை அச்சேறிய பின்னரே அந்நூல்கள் நாடெங்கும் கற்கப்படலாயின.

தமிழில் சீவக சிந்தாமணியின் வரலாறு இதனினும் அணுக்கமானது. உ.வே. சாமிநாதையர் அந்நூலை ஆராயத் தொடங்கியபோது, சமணக் கோட்பாட்டுச் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. அவர் பணியாற்றிய கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்தம் வீடுகளில் சிந்தாமணி பாராயண நூலாகப் படிக்கப்பட்டு வந்தது. புலவர் அவைகளில் பொருள் தெரியாது நின்ற சொற்களுக்கு அவ்வீட்டார் எளிதாகப் பொருள் கூறினர். 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. காப்தியர் ஓதிய மொழி சாம்போலியனுக்கு எவ்வாறு உதவிற்றோ, அவ்வாறே அக்குடும்பங்களின் படிப்பு ஐயருக்கு உதவிற்று.

இவ்வரலாறுகள் அனைத்தும் ஒன்றையே உணர்த்துகின்றன. ஒரு மொழியைக் காப்பது மக்கள்தொகையன்று, படிக்கும் பழக்கம். பேரரசுகள் கைவிட்டதைச் சிறு சமூகங்கள் காத்துள்ளன. அச்சிறு சமூகமும் படிப்பதை நிறுத்திய நாளில் மொழி ஊமையாகிறது.

இன்று அந்நிலை அயலிடத்தே இல்லை. ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூல்கள் கிரந்தமும் தமிழும் விரவிய ஏடுகளில் உள்ளன. பரணிலும் பெட்டியிலும் அத்தகைய சுவடிகளை வைத்திருக்கும் இல்லங்களில், அவற்றைப் படிக்க வல்ல முதியோர் ஒருவர் இருக்கலாம். அவருக்குப்பின் ஒருவரும் இல்லாமற் போகலாம். பூவும் பொட்டும் இட்டு வணங்கப்படும் ஏடு, படிக்கப்படாவிடில், பிலே தீவின் சுவர் போன்றதே.

செய்யத்தக்கவை அரியன அல்ல. வீட்டிலுள்ள சுவடிகளைப் பூச்சியும் ஈரமும் அணுகாமல் பேணலாம். நிழற்படம் எடுத்துப் படி வைக்கலாம். கிரந்த எழுத்தறிந்த பெரியோரிடம் பேரன் பேத்தியர் நாளொன்றுக்குச் சில எழுத்துகள் கற்கலாம். மாங்குளம் போன்ற குன்றுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கற்படுக்கையின் எழுத்துகளை விரலால் தொடாமல் கண்ணால் படிக்கக் கற்பிக்கலாம். அப்பாறைகளில் தம் பெயரைக் கீறுவோரைத் தடுப்பதும் அறமே.

சாத்திர தானத்தைச் சமண மரபு போற்றுகிறது. ஏட்டைக் கொடுப்பதோடு அத்தானம் நிறைவுறாது. அதனைப் படிக்கும் ஆற்றலையும் கொடுத்தல் வேண்டும். மூத்த மொழி எது என வாதிடும் பிள்ளைக்கு, மூதாதையர் எழுதிய ஒரு வரியைப் படித்துக் காட்டும் பாட்டனாரே அவ்வினாவுக்கு உரிய விடையளித்தவர் ஆவார்.