அவனுக்கு யார் சொல்வது?

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடந்த குடும்பங்கள் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆனால் லேவியர் நூல் காட்டும் யூபிலி ஆண்டில், விலகிப் போனவன் வீடு திரும்புகிறான். இழந்தவன் தன் உரிமையை மீண்டும் பெறுகிறான். நம் நடுவிலும் அப்படித் திரும்பி வரவேண்டியவர்கள் உண்டு. அவர்கள் வெளியூர் போனவர்கள் அல்லர். நம் தெருவிலேயே, மனக்கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவர்கள். எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் குடும்பங்களைப் பற்றியும், சிறப்பாக அக்குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததே. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். இவன் பாவமும் அன்று, இவனைப் பெற்றவர்கள் பாவமும் அன்று என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தில் நாம் வேகமாகத் தாண்டிச் செல்லும் ஓர் இடம் உண்டு. விசாரணைக்கு அழைக்கப்பட்ட பெற்றோர், தங்கள் மகனைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைக்கூடச் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவிடுவார்களே என்று அஞ்சினார்கள். அவர்களை ஊமையாக்கியது மகனுடைய குறையன்று, சபையின் பயம். நம் ஊர்க் குடும்பங்களின் கதையும் இதுவே.

1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமி இருப்பதைக் கண்டறிந்தார்கள். இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அதற்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஏழைக்கு இந்நோய் மரண ஓலையாகவே இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்றுதான் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கிற்று. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அதில் முன்னின்றது. இன்று அந்தச் சிகிச்சைக்கு நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. ஆண்டிபட்டியில் தொழுநோய், காசநோய்ப் பணியில் இறங்கிய ஆரோக்கிய அகம், பின்னர் இக்கிருமி உள்ளவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் தேடிச் சென்று உழைத்ததை நீங்கள் அறிவீர்கள்.

இன்றைய நிலை என்ன? நாள்தோறும் தவறாமல் மாத்திரை உட்கொள்பவர் மற்றவரைப் போல் நெடுநாள் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், தாம்பத்திய உறவின் வழியே அது துணைக்குத் தொற்றுவதில்லை. சிகிச்சை இல்லாவிடில் நூற்றில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றக்கூடும். உரிய சிகிச்சை பெற்றால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கொசு கடிப்பதாலோ இது வருவதேயில்லை. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் நாக்கு வந்திருக்கிறதா?

இங்கே நம் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. உரியவரின் இசைவோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஊரில், திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் ஒரு மூதாட்டி இருந்தார். மகனும் மருமகளும் அடுத்தடுத்து இறந்துபோக, பேரனைத் தனியே வளர்த்தார். பிறப்பிலேயே அவனுக்குக் கிருமி இருந்தது. மாத்திரைகளைச் சளிக்கு என்று சொல்லிக் கொடுத்துவந்தார். பையன் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது ஞாயிறு பூசை முடிந்து நம்மிடம் வந்து, "சாமி, எனக்கு வாய் வரல. நீங்க சொன்னா அவன் தாங்கிக்கிருவான்" என்றார். பரீட்சை முடியட்டும் என்றோம். பரீட்சை முடிந்தது. திருவிழா முடியட்டும் என்றோம். திருவிழாவும் முடிந்தது. உண்மையில் நமக்குத் தைரியம் வரவில்லை.

ஓராண்டு கழித்து, குழாயடியில் நடந்த ஒரு சொத்துச் சண்டையில் உறவுக்காரர் ஒருவர் அந்தச் சொல்லைக் கத்திச் சொல்லிவிட்டார். அன்றிரவே பையன் மாத்திரைகளை வாய்க்காலில் கொட்டிவிட்டான். மறுநாள் அப்பத்தாவிடம் அவன் கேட்டது ஒரே கேள்வி: "உனக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் ஏன் தெரியல?"

ஐந்து மாதம் மருந்தைத் தொடவில்லை. எலும்பும் தோலுமாய்க் கட்டிலில் கிடந்தான். அவனை மீட்டது நாம் அன்று. மருத்துவமனையின் ஆலோசகர் ஒருவரும், அதே நிலையில் வளர்ந்து ஆளான மற்றோர் இளைஞரும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இன்று அவர் உழைத்து அப்பத்தாவைக் காப்பாற்றுகிறார். நம்மை மன்னித்தும்விட்டார். ஆனால் அந்த ஐந்து மாதத்தை நாம் மறக்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, நாம் தவறியது எங்கே என்று பின்னர் படித்தறிந்தோம். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அவர்களது நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்றும், சிறுவயதிலிருந்தே அவர்கள் புரிந்துகொள்ளும் அளவுக்குப் படிப்படியாகச் சொல்லிவர வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், எய்ட்ஸ் நோயுற்ற 300க்கும் மேற்பட்ட பெற்றோருக்கும் அவர்களது வளரிளம் பிள்ளைகளுக்கும் மனம்விட்டுப் பேசவும் துயரைத் தாங்கவும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற குடும்பங்களில் பெற்றோர், பிள்ளைகள் இருசாராரின் மனவேதனையும் தவறான நடத்தைகளும் குறைந்தன என்று 2001இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில், கிருமியோடு வாழும் இளைஞர்களையே பயிற்றுவித்து, தம்மைப் போன்ற இளையோரை வீடு தேடிச் சென்று பார்க்கச் செய்தார்கள். அவ்வாறு துணை கிடைத்தவர்களிடையே, கிருமி கட்டுக்கடங்காமல் போவதும் இறப்பும் ஏறத்தாழ 42 விழுக்காடு குறைந்திருந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நம் பையனை மீட்டதும் அதே மருந்துதான்: பக்கத்தில் உட்கார்ந்த ஓர் ஆள்.

இளைஞர்கள் மாத்திரையை விடுவது திமிரினால் என்று எண்ணாதீர்கள். மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளையும், கூட இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்று அஞ்சித்தான் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். சிலருக்கு இறந்த தாய் தந்தையின்மீது கோபம். சிலருக்கு, நமக்கும் ஒரு கல்யாணம் உண்டா என்ற ஏக்கம். இவை மாத்திரையால் தீரா.

ஆகவே பெற்றோரே, பாட்டன் பாட்டிமாரே, பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கள். ஆறு வயதில், உன் இரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது என்று சொன்னால் போதும். வளர வளர அதன் பெயரைச் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று கேட்டால், யாரையும் தூற்றாமல் சொல்லுங்கள். நம்பிக்கை மையத்தின் ஆலோசகரைத் துணைக்கு அழையுங்கள். 1097 என்ற இலவசத் தொலைபேசியிலும் கேட்கலாம். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அன்றிரவு அவன் பக்கத்திலேயே இருங்கள்.

இளைஞர்களே, மணம் பேசும்போது ஓலை வாசிக்கும் நாள்வரை உண்மையை ஒளிக்க வேண்டாம். துணையாக வரப்போகிறவர் அதை உங்கள் வாயால் அறிய உரிமை உள்ளவர். சொல்லி, சிகிச்சை பெற்று, நலமான குழந்தைகளோடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர்.

பங்கு மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பள்ளியிலோ வேலையிலோ மருத்துவமனையிலோ இவர்களை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. நம்பிச் சொன்ன செய்தியை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: இத்தகைய குடும்பத்தின் பொறுப்பைச் சுமக்கும், போதிய முதிர்ச்சியுள்ள 12 வயதுக்குக் குறையாத பிள்ளை, தன் தம்பி தங்கைகளுக்குக் காப்பாளராக இருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் குடும்பம் இருக்கிறது என்று பாராளுமன்றம் கண்டுகொண்டது. பக்கத்து வீட்டுக்காரராகிய நாம் காணாதிருக்கலாமா?

1987 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் டொலோரஸ் ஆலயத்தில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எய்ட்ஸ் நோயாளிகளைச் சந்தித்து, அவர்களுள் ஒருவனான நான்கு வயதுச் சிறுவனை வாரி அணைத்துக்கொண்டார். உலகமே தள்ளி நின்ற காலம் அது. இந்திய ஆயர் பேரவையும் 2005இல் இப்பணிக்கெனக் கொள்கை ஒன்றை வகுத்தது.

நமது யூபிலி நினைவாகக் கெபியும் கொடிமரமும் எழுப்பலாம். ஆனால் நாம் உங்களிடம் கேட்பது காசு செலவில்லாத ஒரு காணிக்கை. யார் வீட்டு மாத்திரையைப் பற்றியும் குழாயடியில், டீக்கடையில், தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் நாம் பேசுவதில்லை என்று இன்று ஆண்டவர் முன் வாக்குக் கொடுங்கள். ஊர் வாய் அடங்கினால்தான் பெற்றவர்களின் வாய் திறக்கும். அப்போது, எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்க நேராது.

பார்வை பெற்ற அந்த மகன் வெளியே தள்ளப்பட்டபோது, அவனைத் தேடிச் சென்று கண்டவர் நம் ஆண்டவர். அவர் நம் பங்கையும், நம் பள்ளத்தாக்கின் எல்லாக் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.